பணிவு வேறு, பண்பு வேறு
(சீன மக்களின் பண்பாடும் அன்றாட மரியாதைகளும் குறித்து நுவரெலியாவில் ஆற்றிய உரை)



சீன நாட்டு மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றிச் சில சொற்கள் கூற நாம் இன்று முன்வந்திருக்கிறோம். லயத்துக் கூரை ஒழுகுகிறது; நாட்சம்பளம் போதவில்லை; குடியிருக்கும் காணிக்கு உரிமை கிடைக்கவில்லை. இத்தனை குறைகள் மலைபோல் குவிந்து கிடக்கையில், சீனர் எப்படி உண்கிறார்கள், எப்படி உபசரிக்கிறார்கள் என்ற ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறிய பின்னரே மேலே செல்வோம்.

நாம் நாள்தோறும் காலையில் வாய் திறந்து முதலில் கேட்பது தேத்தண்ணி. அந்தத் 'தே' என்ற சொல் தமிழன்று, சிங்களமுமன்று. சீனத்தின் தென்கிழக்குக் கரையில், பூக்கியன் மாகாணத்து மக்கள் வழங்கிய சொல் அது. ஒல்லாந்த வணிகர் அதைக் கப்பலேற்றி உலகமெங்கும் கொண்டு சென்றனர். அதே இலையைக் கன்ரன் பகுதியினர் 'சா' என்றனர். 'சாயா' என்று சொல்லுகிறவர்களின் நாவில் அந்தச் சொல் வாழ்கிறது. சொல் மட்டுமா வந்தது? 1824 ஆம் ஆண்டில் சீனத்துத் தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1841 இல் இங்கிருந்து கண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள புசல்லாவையில், றொத்சைல்ட் தோட்டத்தில், வோம்ஸ் என்பார் சீனத்துத் தேயிலையை நட்டார். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலைப் பயிரைத் தொழிலாகத் தொடங்கினார். பிற்காலத்தில் அசாம் வகைச் செடியே இம்மலைகளில் பெரிதும் பரவியது உண்மை. ஆயினும் இலையைப் பறித்து, வாட்டி, உருட்டிப் பானமாக்கும் கலை சீனம் உலகுக்கு அளித்த கலையேயாகும்.

ஆக, நமது பாட்டனும் பாட்டியும் கூடை சுமந்து நிரப்பியது சீனத்து அறிவில் பிறந்த தொழிலை. இலையை நாம் அறிவோம், இலைக்குரியவரை அறியோம். அறியாமல் இருந்த காலம் போயிற்று. இன்று நுவரெலியா வீதியிலே சீனச் சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். நமது தேயிலையைச் சீன வணிகர் வாங்குகிறார்கள். இலங்கையின் துறைமுகத்திலும் நெடுஞ்சாலையிலும் சீனப் பொறியியலாளர் பணியாற்றுகிறார்கள். இந்நாட்டு மாணவர் மருத்துவம் பயிலச் சீனம் செல்கிறார்கள். வந்தவரை எப்படி வரவேற்பது, சென்ற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை அறிந்தே தீரவேண்டிய காலம் இது.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே முதன்மையான காரணம். மரியாதை என்ற சொல்லே இந்த மலைநாட்டில் ஒரு காலத்தில் மாசுபட்டுப் போயிற்று. பெரிய துரை எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும். மழை பெய்தாலும் பிடித்த குடையை மடக்க வேண்டும். இதற்கு அன்று மரியாதை என்று பெயரிட்டார்கள். அது மரியாதையா? அச்சத்துக்கு அணிவித்த ஆடையன்றோ அது! ஒருவன் மட்டுமே குனிவதும் மற்றவன் நிமிர்ந்தே நிற்பதும் பணிவு. இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடப்பது பண்பு. நம் முன்னோரிடம் பணிவை அடித்து வாங்கினார்கள். நாம் இன்று பயில வேண்டியது பண்பை. அந்நியர் வழக்கத்தை அறிவதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதியே.

சீனரைக் கண்டால் கண்ணைச் சுருக்கிக் காட்டிக் கேலி செய்கிறவனும் தவறுகிறான். காசுள்ள நாட்டான் என்று கைகட்டி நிற்கிறவனும் தவறுகிறான். முன்னவனுக்குப் பிறரை மதிக்கத் தெரியவில்லை. பின்னவனுக்குத் தன்னையே மதிக்கத் தெரியவில்லை.

இனிச் செய்திக்கு வருவோம்.

சீனத்தில் இருவர் சந்தித்தால் பழைய தலைமுறையினர் கேட்கும் முதற் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டாயிற்றா?" என்பதே. நம் வீட்டுத் திண்ணையிலும் அதுதானே முதற்கேள்வி! பஞ்சத்தை அறிந்த மக்கள் அன்பை வயிற்றின் வழியே விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லி உண்மையிலேயே உணவை எதிர்பார்த்து நிற்பது முறையன்று. "ஆயிற்று" என்று கூறிப் புன்னகைப்பதே முறை. இதையும் நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

உறவுப் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போகிறார்கள். சீனர் அப்படிக் குழப்புவதில்லை. அக்காளை 'ஜியேஜியே' என்பர். தங்கையை 'மேய்மேய்' என்பர். தந்தையின் மூத்தவருக்கு ஒரு பெயர், இளையவருக்கு ஒரு பெயர், தாயுடன் பிறந்தவருக்கு வேறொரு பெயர். வழியிற் காணும் முன்பின் அறியாத பெரியவரைச் சித்தப்பா என்றும், மூதாட்டியைப் பாட்டி என்றும் அழைப்பது அவர்களுடைய வழக்கம். "ஐயா", "அண்ணே", "அக்கா" என்று ஊரையே உறவாக்கிப் பேசும் நமக்கு இது அந்நியமா?

பெயர் வழங்கும் முறையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நமது பெயருக்கு முன்னே தந்தையின் பெயரெழுத்து நிற்கிறது. சீனருக்கும் குடும்பப் பெயரே முன்னே வரும். தன் பெயர் பின்னே வரும். சௌ என்லாய் என்றால் 'சௌ' என்பது குடிப்பெயர். ஆகவே ஒருவரைக் குடிப்பெயரோடு பதவியையோ தொழிலையோ சேர்த்து "வாங் ஆசிரியர்", "லீ மருத்துவர்" என்பதுபோல அழைப்பதே மதிப்பு. எடுத்த எடுப்பில் அவருடைய தனிப்பெயரைச் சொல்லி அழைப்பது உரிமை மீறல். திருமணமான சீனப் பெண் தன் பிறந்த வீட்டுக் குடிப்பெயரை விடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கணவர் பெயரைச் சேர்த்து அவரை அழைத்தால் விழிப்பார்.

தலையசைப்பில் எச்சரிக்கை வேண்டும். "சரி" என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். சீனருக்கு அது "இல்லை" என்று தோன்றும். மேலும் கீழுமாக அசைத்தாலே அவர்களுக்குச் சம்மதம். விலை பேசும் வேளையில் இந்த ஓர் அசைவு ஒரு வியாபாரத்தையே கெடுத்துவிடக்கூடும்! கொடுப்பதிலும் வாங்குவதிலும் நமக்கு இடக்கை ஆகாது. அவர்களுக்கு இடக்கைத் தடை இல்லை. ஆனால் பெயர்ச்சீட்டாயினும், தேநீர்க் கிண்ணமாயினும், பரிசாயினும் இரு கைகளாலும் கொடுத்து இரு கைகளாலும் பெறுவதே மரியாதை. பெயர்ச்சீட்டைப் பெற்றவுடன் படித்துப் பார்க்காமல் பைக்குள் திணிப்பது, கொடுத்தவரையே பார்க்க மறுப்பதற்கு ஒப்பாகும்.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மண்ணில் ஒரு பேச்சு நிறைவு பெறுமா? விருந்தினருக்குக் கிண்ணம் வழிய வழிய ஊற்றுவது நமது தாராளம். சீனரோ பத்துக்கு ஏழு பங்கு மட்டுமே நிரப்புவர். விளிம்பு வரை ஊற்றினால் பிடிக்க முடியாமல் கை சுடும்; "குடித்துவிட்டுப் புறப்படு" என்று சொல்வதாகவும் பொருள் கொள்வர். மதுவை மட்டுமே நிறைய ஊற்றலாம். கெண்டியின் மூக்கு எவரையும் நோக்கி இருக்கலாகாது. ஊற்றும்போது, தென்சீனத்தவர் இரு விரல்களால் மேசையைத் தட்டுவர்; அது பொறுமையின்மையன்று, நன்றியறிதல். நமது தேநீரில் பாலும் சீனியும் கலப்பதைக் கண்டு அவர்கள் வியப்பதுண்டு. அங்கே பாலின்றிச் சர்க்கரையின்றி இலையின் மணத்தையே அருந்துவர். ஒரே இலையில் மீண்டும் மீண்டும் நீர் வார்ப்பர். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடும் சிங்மிங் என்ற நாள் வரும். அந்நாளுக்கு முன்பு கிள்ளிய இளங்கொழுந்துக்கு அவர்களிடம் தனி மதிப்பு. கொழுந்தின் பருவமறிந்த நம் பெண்மக்களைவிட அந்த மதிப்பை வேறு யாரால் உணர முடியும்? சாப்பாட்டு வேளையில் குளிர்ந்த நீரை விடச் சுடுநீரையே பல சீனர் விரும்புவர் என்பதை விடுதி நடத்துவோர் குறித்துக்கொள்வது நன்று.

உணவு மேசையில் மூத்தவர் முதலில் உண்ணத் தொடங்க வேண்டும். வாயிலை நோக்கிய இருக்கை சிறப்பு விருந்தினருக்குரியது. உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நாட்டுவது பெருங்குற்றம். இறந்தோருக்குப் படைத்து ஊதுவத்தி ஏற்றியது போல் அது தோன்றும். பிண்டம் வைக்கும் முறையை விருந்திலே காட்டினால் நம் வீட்டார் பொறுப்பார்களா? அதே உணர்ச்சிதான் அவர்களுக்கும்.

பரிசளிப்பதில்தான் அந்நியர் பெரிதும் இடறுகிறார்கள். சுவர்க்கடிகாரம் கொடுக்கலாகாது, "கடிகாரம் கொடுத்தல்" என்ற தொடரும் "இறுதிச் சடங்குக்கு உடனிருத்தல்" என்ற தொடரும் சீனத்தில் ஒரே ஒலியுடையவை. குடை ஆகாது, அதன் ஒலி பிரிவைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும். நான்கு என்ற எண் சாவை நினைவூட்டும் ஒலி. எட்டு என்பது செல்வத்தின் ஒலி. நாமோ திருமணத்துக்கு நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று மொய் எழுதுகிறோம். ஒற்றைப்படை எண்ணே நமக்கு மங்கலம். அவர்களுக்கு மங்கலம் இரட்டைப்படை. ஒற்றைப்படைத் தொகை இறுதிச் சடங்குக்குரியது. நாம் வாழ்த்தாக நீட்டும் நூற்றொன்று அங்கே அனுதாபமாகிவிடும்! சிவப்பு உறையே மகிழ்ச்சிக்கு. வெள்ளை உறை துயரத்துக்கு. பரிசை இரண்டு மூன்று முறை மறுத்தபின் ஏற்பதும், கொடுத்தவர் முன்னே பிரிக்காதிருப்பதும் பழைய முறை. அவர் "வேண்டாம்" என்றவுடன் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இவையெல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் வேர் ஒன்று உண்டு. அதைச் சீனர் 'முகம்' என்பர். ஒருவருடைய முகத்தைக் காப்பது, பலர் நடுவே அவரைக் குறுக்கிட்டுத் திருத்தாதிருப்பது, நேருக்கு நேர் "முடியாது" என்னாமல் "ஆலோசிப்போம்" என்பது, எல்லாம் அதில் அடங்கும். "ஆலோசிப்போம்" என்ற விடை பெரும்பாலும் மறுப்பே என்று அறிவது அறிவுடைமை. "முகங்கொடுத்துப் பேசினார்", "அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்", "முகதாட்சணியம்" என்றெல்லாம் சொல்லும் தமிழருக்கும் இந்த முகம் தெரியாததன்று.

ஆனால், உழவர் பெருமக்களே, முகங்காப்பது எதுவரை? அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று உங்களுக்கு மறந்திராது. 2021 இல் இந்நாட்டு அரசாங்கம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் பயிரிட்ட நீங்களும், தேயிலைத் தோட்டங்களும் பட்ட பாட்டை விவரிக்கத் தேவையில்லை. சீன நிறுவனமொன்றிடம் சேதன உரம் கேட்கப்பட்டது. மாதிரியைச் சோதித்த தேசிய தாவரத் தொற்றுத்தடைப் பிரிவினர் அதில் பயிருக்குத் தீங்கான நுண்ணுயிர் உண்டென்று கூறினர். நிறுவனம் அதை மறுத்தது. கப்பல் திருப்பப்பட்டது, பணம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சீனத் தூதரகம் நமது மக்கள் வங்கியையே கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. முடிவில், 2022 தொடக்கத்தில், சுமார் 70 இலட்சம் டாலரை இலங்கை செலுத்தியது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஒன்று: மாதிரியைச் சோதித்த பின்னரே ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டும், கப்பல் புறப்பட்ட பின் சோதிப்பது இரு தரப்பாரையும் தலைகுனியச் செய்யும். இரண்டு: மறுப்பைச் சந்தியில் கூவாமல், முதலில் அறைக்குள் உரிய முறையில் உரைக்க வேண்டும். மூன்று: எவருடைய முகத்தைக் காப்பதற்காகவும் நமது மண்ணைக் கெடுக்க ஒப்பலாகாது. முறையாகச் சொல், ஆனால் உண்மையைச் சொல். இதுவே பண்புக்கும் பணிவுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு.

வழக்கங்கள் கல்வெட்டல்ல என்பதையும் கூறிவிடுவோம். தட்டில் சிறிது மீதம் வைத்தால் "வயிறு நிறைந்தது" என்று விருந்தளித்தவர் மகிழ்வது பழைய சீன வழக்கம். ஆனால் 2021 இல் உணவை வீணாக்குவதற்கு எதிராகச் சட்டமே இயற்றிவிட்டார்கள். அந்நாட்டில் அரசு ஏற்ற இனங்கள் 56. வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. ஊருக்கு ஊர் வழக்கு வேறு. யாழ்ப்பாணத்து வழக்கும் மட்டக்களப்பு வழக்கும் மலைநாட்டு வழக்கும் ஒன்றா? "தமிழர் எல்லாரும் இப்படித்தான்" என்று ஒருவன் சொன்னால் நமக்குச் சினம் வராதா? ஆகவே, எதிரே இருப்பவரைப் பார்த்து, கேட்டு, அறிந்து நடப்பதே முதல் மரியாதை.

நண்பர்களே! தமிழரும் சீனரும் புதியவர்களல்லர். சோழர் தூது 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சீனத்துச் சோங் அரசவையை அடைந்தது. தென்சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பினர். 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. நம் தீவிலேயே அதைவிடப் பெரிய சான்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹ, 1409 ஆம் ஆண்டிட்ட கல்வெட்டொன்றைக் கொண்டுவந்து நாட்டினான். 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாக அது கண்டெடுக்கப்பட்டது; இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மும்மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்தேவந்துறைத் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாத்துக்கும் காணிக்கை கூறுகிறது. புத்தருக்கும் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி. நாயனாருக்கும் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி! வந்த இடத்து மக்களின் மொழியை அறிந்து, அவர்தம் தெய்வத்துக்கு ஏற்றத்தாழ்வின்றி அளித்தான் அந்த அந்நியன். அதே செங் ஹ இத்தீவின் ஆட்சியாளன் அழகேசுவரனோடு போரிட்டு, அவனைச் சிறைப்பிடித்து 1411 இல் சீனத்துக்குக் கொண்டு சென்றான் என்பதும் வரலாறே. மரியாதையையும் கண்டோம்; வலிமையையும் கண்டோம். இரண்டையும் மறக்கலாகாது.

இனி 2021 க்கு வாருங்கள். கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில், சீன உதவியோடு அமைந்த நூலகத்துக்குப் பெயர்ப்பலகை திறந்தார்கள். சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. இந்நாட்டின் ஆட்சிமொழியான தமிழ் இல்லை! எதிர்ப்பு எழுந்த பின் பலகை அகற்றப்பட்டது. அறுநூறு ஆண்டுக்கு முன் கடல் கடந்து வந்தவனுக்குத் தெரிந்த மரியாதை, இந்நாட்டுச் சட்டத்தைக் காக்க அமைந்த இடத்தில் நினைவுக்கு வராமற் போயிற்றே!

இன்னொன்றும் சொல்லுவோம். 1952 இல் இலங்கையும் சீனமும் றப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தன. நமது றப்பர் அங்கே சென்றது, அங்கிருந்து அரிசி வந்தது, நாடு பசியாறியது. அந்த மரங்களின் பால் வடித்தவருள் பல்லாயிரவர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கு அப்போது குடியுரிமையில்லை. 1948 இன் சட்டம் அதைப் பறித்திருந்தது. வாக்குரிமையும் பின்னாலே போயிற்று. உலக வாணிபத்தைத் தோளிற் சுமந்தவன் உள்நாட்டில் பெயரற்றவனாய் நின்றான். அதே சீனம் 1963 இல் பெய்ஜிங்கிலிருந்து தமிழில் வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. அதில் பேசிய சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, இலக்கணத் தமிழில் வணக்கம் கூறினர். மொழியைக் கற்றவனுக்கு மக்களின் கதவு திறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நாமும் அறிவோம். தோட்டப் பள்ளிகளின் உயர்வகுப்பு மாணவருக்குப் பத்துச் சீனச் சொற்களையும் நம் கை கடந்த அந்த இலையின் வரலாற்றையும் ஆசிரியர்கள் கற்பிக்கலாம். விடுதியிலும் கடையிலும் பணிபுரியும் நம் இளைஞர் இரு கைகளால் கிண்ணம் நீட்டலாம். நிமிர்ந்த தலையோடு நீட்டலாம். விளைபொருளை விற்கச் செல்லும் உழவர் எண்ணையும் உறையையும் அறிந்து பரிசளிக்கலாம். எடையையும் தரத்தையும் அறிந்து விலை பேசலாம். வரும் விருந்தினர் நம்மிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டால், தேயிலைப் பெண் என்ற படத்துக்குப் பின்னே இருநூறு ஆண்டு உழைப்பும், மொழியும், வழிபாடும், உரிமை வேட்கையும் உள்ள ஒரு மக்கள் கூட்டம் இருப்பதைச் சொல்லலாம்.

அவர் வழக்கத்தை நாம் அறிவோம். நம் வழக்கத்தை அவர் அறியச் செய்வோம். அவர் பெயரைச் சரியாக உச்சரிப்போம். நம் மொழியைப் பலகையிலே சரியாக எழுதக் கேட்போம். கிண்ணத்தை முக்கால் அளவு நிரப்புவோம். மதிப்பை மட்டும் இரு பக்கமும் முழு அளவு நிரப்புவோம்!